முதலில் கேட்டவர்கள்

"நான் இவங்களை அப்பவே கேட்டனான்" என்று ஒருவர் சொல்லும்போது காதில் விழுவது ஒரு தகவல் போலத்தான் இருக்கும். கொஞ்சம் நின்று கேட்டால் அதற்குள் ஓர் உரிமைக் கோரிக்கை ஒளிந்திருப்பது தெரியும். பிரித்தானியாவில் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு இந்த வாக்கியம் பழக்கமானது. ஏதோவொரு பப்பின் பின்னறையில் நாற்பது பேரோடு நின்று பார்த்த இண்டி ரொக் குழு, இரண்டு வருடத்துக்குள் பெரிய அரங்கொன்றில் பத்தாயிரம் பேருக்கு முன்னால் நிற்கிறது. மகிழ வேண்டியவரின் முகம் சுருங்குகிறது. "வித்துப்போட்டாங்கள்" என்கிறார். எதை விற்றார்கள்? விற்றது யாருடைய பொருள்?

ஒரு கலைஞர் வளர்வதற்கு முன்பே அவரை நம்பியவருக்கு, வளர்ந்தபின் அவர்மேல் ஏதாவது பாத்தியதை உண்டா என்பதே இங்கே கேள்வி. பதின்ம வயதுச் சிணுங்கல் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையில் என்ன மிஞ்சுகிறது என்பது எல்லாச் சமூகங்களும் தலையைப் போட்டு உடைத்துக்கொண்ட விடயம். கிற்றார் சத்தத்தோடு வருவதால் மட்டும் அது சிறிதாகிவிடாது.

வேறு இசையைவிட இண்டியில் இந்தக் கேள்வி கூடச் சுடுவதற்குக் காரணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. சுயாதீனம் என்பதன் சுருக்கம் அது. 1977 ஜனவரியில் மன்செஸ்டரின் பஸ்கொக்ஸ் குழு 500 பவுண்டுக் கடனில் தம் முதல் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டது. முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள். பெரிய கம்பனியின் வாசலில் நிற்காமலே பாட்டை வெளியே கொண்டுவரலாம் என்று அது காட்டிற்று. அதிலிருந்து 'இண்டி' என்ற சொல் ஒரு வாக்குறுதியையும் சுமந்து வந்தது: இடையில் யாரும் இல்லை, நாங்களும் நீங்களும் மட்டும்தான். இன்று அந்தச் சொல் பெரும்பாலும் ஒருவகைக் கிற்றார் ஒலியின் பெயராகிவிட்டது. வாக்குறுதி மட்டும் கேட்பவரின் மனதில் இன்னமும் இருக்கிறது. "வித்துப்போட்டாங்கள்" என்ற சொல் அங்கிருந்துதான் பிறக்கிறது.

இதைப் பேசுவதற்கு ஷெஃபீல்டைவிட நல்ல ஊர் இல்லை. உருக்குத் தொழிலால் பெயர் பெற்ற அந்த நகரத்தின் வடபுறத்தில் ஹை கிரீன் என்று ஒரு புறநகர். அங்கே 2001 நத்தாருக்கு அலெக்ஸ் டேர்னர், ஜேமி குக் என்ற இரண்டு பெடியன்களுக்கு வீட்டில் கிற்றார் வாங்கிக் கொடுத்தார்கள். மற் ஹெல்டர்ஸ் ட்ரம்ஸுக்குப் போனார், அண்டி நிக்கல்சன் பேஸ் கிற்றாருக்கு. 2002 இல் குழு ஆயிற்று. பெயர் ஆர்க்டிக் மங்கீஸ். 2003 ஜூன் 13 அன்று த கிரேப்ஸ் என்ற பப்பில் முதல் நிகழ்ச்சி. இதுவரை நடந்தது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

பிறகு நடந்தது கவனிக்க வேண்டியது. தாங்கள் மாதிரிக்குப் பதிவுசெய்த பாடல்களை வெறும் இறுவட்டுகளில் எழுதி, நிகழ்ச்சிக்கு வந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள். கையில் இருந்தது கொஞ்சப் பிரதிகள். கிடைத்தவர்கள் வீட்டுக் கணினியில் ஏற்றி, பிரதி எடுத்து, கிடைக்காதவர்களுக்கு அனுப்பினார்கள். அந்தத் தொகுதிக்குப் பெயரும் பரப்பியவர்கள் பக்கத்திலிருந்தே வந்தது: 'பினீத் த போர்ட்வோக்'. போர்ட்வோக் என்பது ஷெஃபீல்டில் இருந்த ஓர் இசைக்கூடம். டேர்னர் அங்கே மதுச்சாலையில் வேலை செய்தவர். மைஸ்பேஸ் தளத்தில் குழுவின் பக்கத்தைத் தொடங்கியவர்களும் ரசிகர்களே. அப்படியொரு தளம் இருப்பதே தங்களுக்குத் தெரியாது என்று குழுவினர் பின்னர் சொன்னார்கள். கடையில் ஒரு தட்டுக்கூட வராத பாடல்களை, முன்னால் நின்றவர்கள் சொல் பிசகாமல் பாடிய இரவுகள் அப்படித்தான் வந்தன.

2005 மே மாதம் சொந்தமாக ஒரு சிறு தட்டு. ஜூனில் டொமினோ நிறுவனத்தோடு ஒப்பந்தம். லோரன்ஸ் பெல் 1993 இல் தொடங்கிய சுயாதீன நிறுவனம் அது. ஒக்டோபரில் லண்டன் அஸ்டோரியா நிரம்பி வழிந்தது. அதே மாதம் வந்த தனிப்பாடல் நேராக முதலாம் இடம். 2006 ஜனவரி 23 இல் வந்த முதல் தொகுப்பு முதல் கிழமையிலேயே 363,735 பிரதிகள் விற்றது. பிரித்தானியாவில் அதுவரை எந்தக் குழுவின் முதல் தொகுப்பும் அவ்வளவு வேகமாக விற்றதில்லை.

இப்போது கணக்குப் பார்க்கலாம். பிரதி எடுத்தவர், பெயர் வைத்தவர், இணையத்தில் ஏற்றியவர், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு மழையில் நடந்து வீடு போனவர், பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கில் இருந்தவளின் காதில் காதொலிப்பானைச் செருகியவர், இவர்கள் செய்தது என்ன? ஒரு பெரிய கம்பனியில் இதற்கு விநியோகப் பிரிவு என்றும் விளம்பரப் பிரிவு என்றும் பெயர். மாதச் சம்பளம் உண்டு. இங்கே சம்பளம் இல்லை, கேட்கவும் இல்லை. கடதாசியில் ஒரு வரி ஒப்பந்தம் இல்லை.

"அதுதான் பதில்" என்பார்கள் சிலர். பாட்டுக் கேட்டார்கள், மகிழ்ந்தார்கள், கணக்கு அன்றைக்கே முடிந்தது. இதில் நியாயம் உண்டு. ஆனால் இது கடைக்காரரின் நியாயம். மகிழ்ந்ததோடு நின்றவருக்கு அது பொருந்தும். இன்னொருவரிடம் போய் "இதைக் கேள்" என்றவர் அதற்குமேல் ஒன்றைச் செய்தார். தன் ரசனையை, நண்பர்களுக்கு நடுவில் தனக்கிருந்த சின்ன மதிப்பை, பணயம் வைத்தார். பதினாறு வயதில் அதைவிடப் பெரிய சொத்து ஒருவரிடம் இருப்பதில்லை.

நம்முடைய ஆற்றுப்படைகளில் ஒரு காட்சி உண்டு. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் வழியில் வறிய கலைஞனைக் கண்டு, இன்ன வழியாகப் போ, இன்னாரைப் பார், உன் பசி தீரும் என்கிறான். பொருநராற்றுப்படையில் அந்த வழி கரிகாலனிடம் போகிறது. வழி சொன்னவன் தரகு கேட்பதில்லை. தனக்குக் கிடைத்த நிறைவு அவனை வாய் திறக்க வைக்கிறது; அவ்வளவுதான். ஷெஃபீல்டில் திசை மாறிவிட்டது. அங்கே கலைஞனுக்குக் கலைஞன் வழி சொன்னான். இங்கே கேட்டவர் கேளாதவருக்கு வழி சொல்கிறார். புரவலர் இருக்கையில் ஒரு கூட்டமே வந்து அமர்ந்துவிட்டது. ஆனால் வழி சொன்னவர் வெறுங்கையோடு நிற்பது மாறவில்லை.

அவருக்கு நன்றி சொல்ல வேண்டாமா? வேண்டும். குறளின் செய்ந்நன்றி அதிகாரம் அளவைவிட வேளையைப் பெரிதாக மதிப்பது நமக்குத் தெரியும். நாற்பதாவது ஆளாக அந்த அறையில் நின்றவரின் உதவியும் ஹில்ஸ்பரோ பூங்காவில் பல ஆயிரத்தில் ஒருவராக நின்றவரின் உதவியும் ஒன்றாகா. முன்னவர் வராமல் விட்டிருந்தால் அந்த இரவே இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் அந்த அதிகாரத்தை இன்னொரு முறை எடுத்து வாசித்துப் பாருங்கள். அது பேசுவது முழுக்க உதவி பெற்றவரிடம். உதவி செய்தவர் எப்படித் திருப்பிக் கேட்க வேண்டும் என்பதற்கு அங்கே ஒரு வரிகூடக் கிடையாது. மறதியாகவோ இடம் போதாமலோ அது விடுபட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்ட மாத்திரத்தில் உதவி கூலியாகிவிடும். கலியாண வீட்டில் கதிரை தூக்கியவர் பத்து வருடம் கழித்து "உன்ர கலியாணத்துக்குக் கதிரை தூக்கினது நான்" என்று சொன்னால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் நண்பர் இல்லை. சம்பளப் பாக்கியுள்ள ஆள். நாம் எல்லோரும் அப்படி ஒருவரையாவது அறிவோம்.

ஆக, விசித்திரமான கடன் இது. கடன் உண்டு, கடன்காரரும் உண்டு, வசூலிக்கும் உரிமை மட்டும் இல்லை.

காசே கொடுத்திருந்தால் நிலைமை மாறுமா? மரில்லியன் என்ற ஆங்கிலக் குழுவின் கதை இதற்கு உதவும். அவர்கள் இண்டிக் குழு என்று சொல்ல முடியாது, பழைய ரொக் ஆட்கள். 1997 இல் அமெரிக்காவுக்குப் போய் வாசிக்கக் காசில்லை என்று அவர்கள் சொன்னபோது, ரசிகர்கள் தாங்களாகவே இணையம் வழியாக ஏறத்தாழ 60,000 டொலர் திரட்டினார்கள். குழு போய் வந்தது. அடுத்து 2001 தொகுப்புக்கு, பதிவு தொடங்குமுன்பே 12,000 க்கும் மேற்பட்டவர்கள் முன்பணம் கட்டினார்கள். அந்த 12,000 பேருக்கு ஓர் உரிமை உண்டு, அது மிகத் தெளிவானது: சொன்ன தட்டு வந்து சேர வேண்டும். அதற்குமேல் எதுவும் இல்லை. மூன்றாவது பாட்டு நீளம் கூடிவிட்டது என்று காசைத் திருப்பிக் கேட்க முடியாது. காசு உரிமையைப் பெருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இங்கே அது உரிமையைச் சுருக்கி, எல்லை போட்டு, பற்றுச்சீட்டோடு முடித்துவைத்தது. ஷெஃபீல்ட் பெடியன்களின் கோரிக்கை அவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு அதில் பற்றுச்சீட்டு இல்லாததுதான் காரணம்.

வளர்ந்த கோரிக்கை எப்படி இருக்கும் என்பதை என் மருமகனிடம் பார்த்தேன். யோர்க்ஷயரில் பிறந்து வளர்ந்தவன். முதல் தொகுப்பு வந்தபோது அவனுக்குப் பதினாறு. டேர்னர் ஷெஃபீல்ட் உச்சரிப்பை மறைக்காமல் பாடியவர். டாக்சி வரிசை, இரவு விடுதியின் வாசல் காவலர், சனி இரவுச் சண்டை என்று அந்த ஊரின் ஒழுங்கைகளுக்குள் நின்று எழுதியவர். தொகுப்பின் தலைப்பே அலன் சிலிட்டோ 1958 இல் எழுதிய தொழிலாளர் வாழ்வு நாவலிலிருந்து வந்தது. வட இங்கிலாந்துப் பேச்சைக் கேலிக்கு மட்டுமே வைத்திருந்த நாட்டில் அது சின்ன விடயம் இல்லை. யோர்க்ஷயரில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அதுதானே ஊர்ப்பேச்சு. வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், வெளியில் இது. அந்தக் குரலில் தன்னுடைய வாய் இருப்பதை அவன் கண்டான்.

2018 இல் அவர்களுடைய ஆறாவது தொகுப்பு வந்தது. கிற்றார் பின்னுக்குப் போயிற்று, பியானோ முன்னுக்கு வந்தது, பாட்டுகள் சந்திரனில் உள்ள ஒரு கற்பனை ஹோட்டலில் நடந்தன. உச்சரிப்பும் அதற்குச் சில வருடம் முன்பே அத்திலாந்திக்கைக் கடந்திருந்தது. மருமகன் தொலைபேசியில் பொரிந்து தள்ளினான்.

"மாமா, இவங்கள் எங்கட கதையைப் பாடின ஆக்கள். இப்ப சந்திரனில போய் இருக்கிறாங்கள்."

"நீ பதினாறு வயசில இருந்த மாதிரியே இப்பவும் இருக்கிறியோ?"

"நான் மாறலாம் மாமா. அவங்கள் மாறக்கூடாது."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். ஆனால் அதில் பகிடி பாதிதான். தன் பதினாறு வயதை அவன் அந்த நால்வரிடம் வைப்பிலிட்டிருந்தான். எப்போது போய்க் கேட்டாலும் அப்படியே எடுத்துத் தர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அவர்களுக்கு அப்படி ஒரு வைப்பு தங்களிடம் இருப்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் அதை எப்படிக் காப்பது? அதைக் காக்க ஒரேயொரு வழி, இருபது வயதில் எழுதிய பாட்டை நாற்பது வயதிலும் திரும்பத் திரும்ப எழுதுவது. ஒரு மனிதரின் வாய் எந்த உச்சரிப்பில் திறக்க வேண்டும் என்று இன்னொருவர் உரிமை கொண்டாடுவதை வேறெந்த இடத்திலும் நாம் ஏற்கமாட்டோம். புலம்பெயர்ந்த நாம் அதை ஏற்கவே முடியாது. நம் பிள்ளைகள் பேசும் தமிழைத் திருத்த ஊரிலிருந்து வரும் உறவினரைச் சகித்துக்கொண்டவர்கள் நாம்.

ஆனாலும் மருமகன் எதையும் இழக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஊரின் குரல் ஒன்று வேறிடம் போனால் ஊருக்கு வெறுமைதான். அந்த வெறுமை உண்மை. அதற்கு யாரும் குற்றவாளி இல்லை என்பதும் உண்மை.

முதலில் இருந்தவர் என்ற கோரிக்கையை எவராவது முழு நியாயத்தோடு வைக்கலாம் என்றால் அது அண்டி நிக்கல்சன். அவர் முன்வரிசையில் நின்றவர் இல்லை, மேடையில் நின்றவர். 2006 மே மாதம், தொகுப்பு உச்சத்தில் இருக்கும்போது, களைப்பு என்று சொல்லி வட அமெரிக்கப் பயணத்திலிருந்து விலகினார். அடுத்த மாதம் அவர் திரும்பி வரப்போவதில்லை என்ற அறிவிப்பு வந்தது. நிக் ஓமலி அந்த இடத்துக்கு வந்தார். உடன் உழைத்தவருக்கு உரியதைத் தீர்க்க ஒப்பந்தமும் உரிமைத்தொகையும் உண்டு. உடன் நின்று கேட்டவரின் கணக்கு அந்தப் புத்தகத்தில் எழுதப்படுவதில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் ரசிகரின் வழக்கமான தவறு.

இந்தக் கோரிக்கையின் இன்னொரு முகம் 2023 இல் தெரிந்தது. த லாஸ்ட் டின்னர் பார்ட்டி என்ற லண்டன் குழு அந்த ஏப்ரலில் தம் முதல் பாட்டை வெளியிட்டது. அதற்கு முன்பே பெரிய நிறுவனமான ஐலண்டின் ஒப்பந்தம் கையில் இருந்தது; ஒரு பாட்டும் வெளியிடாமலே 2022 கோடையில் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நிகழ்ச்சி நாளில் வாசித்தும் விட்டார்கள். உடனே குற்றச்சாட்டு எழுந்தது: இவர்கள் தொழிற்துறை நட்ட செடி, தானாக முளைத்தவர்கள் இல்லை. உண்மையில் அவர்கள் பிரிக்ஸ்டனின் விண்ட்மில் போன்ற சின்னப் பப் மேடைகளில் மாதக்கணக்கில் வாசித்தவர்கள்தான். 2024 பெப்ரவரியில் வந்த முதல் தொகுப்பு முதலாம் இடம் பிடித்தது. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று நான் கொஞ்ச நாள் யோசித்தேன். ஆண்கள் மட்டுமே உள்ள குழுக்கள்மீது அந்தப் பழி இவ்வளவு இலேசாக விழுவதில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. அவர்கள் தயாராக வந்து நின்றபோது "நான்தான் தூக்கிவிட்டேன்" என்று சொல்ல யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. தனக்குக் கடன்படாத குழுவை மன்னிப்பது சிலருக்குக் கடினமாக இருந்தது. பட்டினி கிடந்து வந்த கலைதான் உண்மையான கலை என்ற நம்பிக்கை நம்மிடமும் நிறைய உண்டு. அதில் பாதி கலைமீதுள்ள மரியாதை. மற்றப் பாதி, சோறு போட்ட பெருமை நமக்கு வேண்டும் என்ற ஆசை.

இவ்வளவு நேரமும் குழுவையும் ரசிகரையும் மட்டும் எதிரெதிரே நிறுத்தினோம். அந்தக் கொடையை உண்மையில் யார் வசூலித்தார்கள் என்று பார்க்க மறந்துபோகிறோம். ஷெஃபீல்ட் பிள்ளைகள் மைஸ்பேஸில் பாட்டு ஏற்றிக்கொண்டிருந்த அதே 2005 இல், ஜூலை மாதம், ரூபர்ட் மர்டொக்கின் நியூஸ் கோர்ப்பரேஷன் அந்தத் தளத்தின் தாய்க் கம்பனியை 580 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அந்த விலைக்குள் இருந்தது என்ன? கட்டடமோ இயந்திரமோ இல்லை. கோடிக்கணக்கான பிள்ளைகள் ஒருவருக்கொருவர் "இதைக் கேள்" என்று சொல்லிக்கொண்டது. பிறகு 2019 இல் அந்தத் தளம், 2003 முதல் 2015 வரை அங்கே ஏற்றப்பட்ட இசையெல்லாம் வழங்கியை மாற்றும்போது அழிந்துவிட்டது என்று ஒரு குறிப்பில் தெரிவித்தது. ஐந்து கோடிப் பாட்டுகள் வரை இருக்கலாம் என்று செய்திகள் சொல்லின. எந்த இசைக்குழு தன் ரசிகர்களை அப்படி விற்று அப்படித் தொலைத்தது?

2024 ஓகஸ்ட் 31 அன்று ஒயாசிஸ் மீள்வருகைக்கான நுழைவுச்சீட்டு விற்பனை நடந்தது. மன்செஸ்டரின் அந்தச் சகோதரர்களும் ஒருகாலத்தில் இண்டிக் குழுவாகத் தொடங்கியவர்கள்தான். 150 பவுண்டு அளவில் நின்று பார்க்கலாம் என்று காலையிலிருந்து இணைய வரிசையில் காத்தவர்கள், தங்கள் முறை வந்தபோது திரையில் 355 பவுண்டைக் கண்டார்கள். முப்பது வருடம் ஒரு பாட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கான கட்டணம் அது என்று வைத்துக்கொள்ளலாம். நீ எவ்வளவு நேசிக்கிறாய் என்பதை அளந்து, அந்த அளவுக்கே விலை போடுவது. முதலில் கேட்டவருக்குச் செய்யக்கூடிய துரோகம் என்று ஒன்று இருந்தால் பியானோவுக்கு மாறுவதை நான் சொல்லமாட்டேன், இதைச் சொல்வேன். எதிர்மாறாக நடக்கவும் முடியும். 2023 இல் த கியூர் குழுவின் ரொபர்ட் ஸ்மித், தம் அமெரிக்கப் பயணத்தில் சீட்டு விலையைக் குறைவாக வைத்தார். சீட்டு விலைக்குமேல் கட்டணங்கள் ஏறியதைக் கண்டு பகிரங்கமாகச் சண்டை பிடித்தார். விற்பனை நிறுவனம் வாங்கியவர்களுக்கு ஆளுக்கு ஐந்தோ பத்தோ டொலர் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தொகை சின்னது. ஆனால் அந்த அறுபதைக் கடந்த மனிதர் வரிசையில் நிற்பவரை மறக்கவில்லை.

சுரண்டாமல் இருப்பது குழுவின் கடமை என்றால், திருப்பிக் கொடுப்பது? யாருக்குக் கொடுப்பது? அந்த நாற்பது பேரின் பெயர்ப் பட்டியல் யாரிடமும் இல்லை. இருந்தாலும் அவர்களுக்கு என்ன கொடுப்பது? அவர்கள் கொடுத்தபோது அங்கே இருந்தது ஒரு குழு, ஒரு கூட்டம், அதோடு ஓர் அறை. குழு போய்விட்டது. கூட்டம் கலைந்து, கலியாணம் கட்டி, வீட்டுக்கடன் கட்டுகிறது. அறைதான் மிச்சம், அடுத்த நாற்பது பேருக்கு அது வேண்டும்.

அந்த அறைகளின் நிலை இது. போர்ட்வோக் 2010 இல் மூடப்பட்டது. அதற்கு முன் அந்தக் கட்டடம் பிளக் ஸ்வான் என்ற பப்பாக இருந்தது. 1976 ஜூலை 4 அன்று த கிளாஷ் குழு தன் முதல் நிகழ்ச்சியை வாசித்தது அங்கேதான். லண்டன் அஸ்டோரியா 2009 இல் மூடி இடிக்கப்பட்டது, குறொஸ்ரெயில் ரயில் பாதைக்காக. சிறு இசைக்கூடங்களுக்காக இயங்கும் மியூசிக் வெனியூ ட்ரஸ்ட் அமைப்பின் கணக்குப்படி 2023 இல் மட்டும் 125 கூடங்கள் நேரடி இசையைக் கைவிட்டன. காரணம் புரிந்துகொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை. நூறு பேர் கொள்ளும் அறை, ஆளுக்குப் பத்துப் பவுண்டு என்று வையுங்கள். ஆயிரம் பவுண்டில் ஆறிலொரு பங்கு பெறுமதி சேர் வரிக்குப் போகும். மிச்சத்தில் ஒலிக்காரர், வாசல் காவலர், வாடகை, மின்சாரம், நாலு பேருக்கும் ஒரு வானுக்குமான பெற்றோல். எந்தக் குழு பின்னாளில் ஆயிரக்கணக்கானோரை ஈர்க்கும் என்று தெரியாமலே ஒவ்வோர் இரவும் அந்த அறை நட்டத்தை ஏற்கிறது. வளர்ந்த குழு பெரிய அரங்குக்குப் போனபின் அந்த அறைக்கு ஒரு பென்ஸ் வருவதில்லை.

அரங்குகளிலும் மைதானங்களிலும் விற்கும் ஒவ்வொரு சீட்டிலிருந்தும் ஒரு பவுண்டு சிறு கூடங்களுக்குப் போகட்டும் என்பது அந்த அமைப்பின் கோரிக்கை. 2024 மேயில் நாடாளுமன்றத்தின் கலாசாரக் குழுவும் அப்படியொரு அறவீட்டை ஆதரித்தது. முதலில் விருப்பின் பேரில் நடக்கட்டும் என்றது. என்டர் ஷிகாரி குழு தம் அரங்கப் பயணத்தில் ஒரு பவுண்டை ஒதுக்கியது. கோல்ட்பிளே 2025 இன் பிரித்தானிய நிகழ்ச்சிகளில் தங்கள் பங்கின் பத்திலொன்றைக் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆர்க்டிக் மங்கீஸும் சும்மா இருக்கவில்லை. 2020 கோடையில், தொற்றுநோயால் எல்லாக் கூடங்களும் பூட்டிக் கிடந்தபோது, டேர்னர் தம் கறுப்புக் கிற்றார் ஒன்றை அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு விட்டார். ஷெஃபீல்டின் லெட்மில் கூடத்துக்கும் ஏனைய சிறு கூடங்களுக்குமாக ஒரு லட்சம் பவுண்டுக்குமேல் சேர்ந்தது. சந்திரனுக்குப் போனவர் என்று மருமகன் திட்டிய அதே மனிதர்.

கடன்பட்டவர் தானே கடன்காரரைத் தெரிவுசெய்துகொள்கிறார் என்று இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பின்னால் நிற்பவரை விட்டுவிட்டு முன்னால் வருபவருக்குக் கொடுப்பது வசதியான தப்பித்தல், படங்களில் நன்றாகத் தெரியும், வரிச்சலுகைகூட இருக்கும். இந்த மறுப்பை என்னால் முழுக்கத் தள்ள முடியவில்லை. முன்னோக்கிக் கொடுப்பதில் முதல் நாற்பது பேருக்குக் கையில் எதுவும் வராது. ஆனால் அவர்கள் கொடுத்ததும் அப்படித்தானே கொடுத்தார்கள். பிரதி எடுத்த பெடியன் அதைக் குழுவிடம் திருப்பிக் கொடுக்கவில்லை, அறியாத ஒருத்திக்குக் கொடுத்தான். அவள் இன்னொருவருக்கு. அந்தக் கொடை ஒருமுறையும் வந்த வழியே திரும்பவில்லை. குழுவிடம் மட்டும் அதைத் திருப்பச் சொல்வது எந்தக் கணக்கு?

பெரிய குழுக்களின் தருமம் போதும் என்று இதற்கு அர்த்தம் எடுக்க வேண்டாம். 1980 இல் தொடங்கிய லெட்மில்லை அந்தக் குலுக்கல் பணம் நோய்க்காலத்தில் தாங்கிற்று. ஆனால் சுவர் யாருடையது என்பது வேறு கேள்வி. கட்டட உரிமையாளரோடு நடந்த வழக்கில் தோற்று, அதை நடத்திவந்தவர்கள் 2025 இல் வெளியேற வேண்டியதாயிற்று. கடைசி இரவில் வாசித்தவர் டேர்னரின் நண்பர் மைல்ஸ் கேன்.

2023 ஜூனில் ஆர்க்டிக் மங்கீஸ் ஹில்ஸ்பரோ பூங்காவில் இரண்டு இரவு வாசித்தார்கள், சொந்த ஊரில். மருமகன் போனான். முன்வரிசை கிடைக்கவில்லை, தொலைவில் பெருந்திரைக்குப் பக்கத்தில் நின்றானாம். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் அவன் முதல் இறுவட்டு வாங்கிய வருடத்தில் பிறந்திருக்கவே மாட்டார்கள், ஆனால் பழைய பாட்டுகளெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். "நீ அப்பவே கேட்டனீ எண்டு அவையளுக்குச் சொன்னனியோ?" என்று கேட்டேன். சொல்லவில்லை என்றான். சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது என்றும் சொன்னான்.

அந்த மாதிரிப் பதிவுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் தலைப்பில் இருப்பது பாடியவர்களின் பெயரோ பரப்பியவர்களின் பெயரோ இல்லை; மூடப்பட்டுவிட்ட அந்த அறையின் பெயர்.